பதில் போகாத கேசட்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். யாரையும் நம்பவைக்க எனக்குத் தெம்பு இல்லை. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். நேரம் மட்டும் துல்லியமாக இருக்கும். அன்று என் பார்வை சுவர்க் கடிகாரத்தை விட்டு நகரவில்லை.

பேய்க்கதை என்றால் நடுராத்திரியும் நாய் ஊளையும் எதிர்பார்ப்பீர்கள். இதில் இரண்டும் இல்லை. இந்த வருடம், பிப்ரவரி ஒன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் 5:41 முதல் 6:13 வரை. அடையாறு இந்திரா நகரில் என் வீடு, இரண்டாவது மாடி. கீழே பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். விளக்கு போடும் அளவுக்கு இருட்டுகூட இல்லை.

என் பெயர் நதீம். வயது முப்பத்து மூன்று. என் மனைவி சிம்ரா போன ஜூன் மாதம் இறந்துபோனாள். காய்ச்சல். ஒன்பது நாள். கடைசி மூன்று நாள் வாயில் குழாய் வைத்திருந்தார்கள். அதற்கு முன்னால் அவள் என்னிடம் பேசிய கடைசி வார்த்தை, "ஏசியக் கொறைக்கச் சொல்லுங்க." அவ்வளவுதான்.

பிறகு ஒருநாள் அவள் குரலைத் தேடினேன். கிடைக்கவில்லை. வாட்ஸ்அப்பில் அவள் எழுதவே மாட்டாள். பேசித்தான் அனுப்புவாள், நாளைக்குப் பத்து தடவை. என் போனில் இடம் அடைத்துக்கொள்கிறது என்று, எல்லாம் ஏழு நாளில் தானாக அழியும்படி வைத்தவன் நான்தான். அவள் போன் ஆஸ்பத்திரி அலைச்சலில் எங்கோ தொலைந்துவிட்டது. கல்யாண வீடியோ மூன்று மணி நேரம். மூன்று மணி நேரமும் பாட்டு. அவள் வாய் அசைகிறது, சிரிக்கிறாள், திரும்பி யாரிடமோ ஏதோ சொல்கிறாள். ஒன்றும் கேட்காது.

ஏழு மாதத்தில் அவள் குரல் எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துவிட்டது. முகம் மறக்கவில்லை. குரல் மறந்துவிட்டது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த ஞாயிறு மத்தியானம் மயிலாப்பூர் போயிருந்தேன். கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்தில் சிம்ராவின் அத்தாவும் அம்மாவும் இருக்கிறார்கள். வாரா வாரம் போவேன். சாப்பிடுவோம். அதிகம் பேசிக்கொள்ள மாட்டோம். அன்று வெள்ளையடிப்பதற்காகப் பரணை ஒழித்திருந்தார்கள். கூடத்தின் நடுவில், பழைய வேட்டியில் சுற்றி, ஒரு கேசட் டெக் இருந்தது.

"இதப் பாருங்க மாப்ள," என்றார் மாமா. அவர் பெயர் அப்துல் வஹீத். குவைத்தில் பதினோரு வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். "தோள்ல வெச்சுத் தூக்கிட்டு வந்தேன். ஏர்போர்ட்ல கஸ்டம்ஸ்காரன் என்னைய விட்டுட்டு இதத்தான் தடவித் தடவிப் பாத்தான்."

"என்னத்தத் தடவி என்ன, இருபது வருசமா பரண்ல கெடக்கு," என்றார் மாமி, சோற்றைப் போட்டபடி. "உங்க மாமா மாதிரியேதான் தம்பி. கனம் மட்டும் மிச்சம்."

டெக்குக்குப் பக்கத்தில் ஒரு ரெக்சின் பை. பை நிறைய கேசட்.

"இதுல சிம்ரா குரல் இருக்கா மாமா?" என்று கேட்டேன்.

மாமியின் கரண்டி அப்படியே நின்றது.

"நாப்பது கேசட் இருக்கு," என்றார் மாமா. "எல்லாத்துலயும் நான்தான்."

அவர் விளக்கியது இதுதான். அப்போது குவைத்துக்குப் போன் பேசுவது நினைத்தும் பார்க்க முடியாத விஷயம். கடிதத்துக்குப் பதிலாகக் கேசட். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாமியும் பிள்ளைகளும் டேப் ரெக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்து பேசுவார்கள். குவைத்துக்குப் போகிற யார் கையிலாவது அதைக் கொடுத்தனுப்புவார்கள். மாமா கேட்பார். கேட்டுவிட்டு, அதே கேசட்டில், அவர்கள் பேசியதன் மேலேயே தன் பதிலைப் பதிவு செய்து திருப்பி அனுப்புவார். மறுபடி அவர் குரலைக் கேட்க இங்கே எல்லோரும் உட்காருவார்கள். அந்த ஏரியாவில் கல்ஃபுக்கு ஆள் அனுப்பிய எல்லா வீட்டிலும் இதுதான் பழக்கம்.

"அப்ப அவங்க பேசுனது?"

"அழிஞ்சிரும். அதுமேலதான நான் பேசுறேன். அப்ப அது தோணல மாப்ள. கேட்டாச்சு, பதில் சொல்லியாச்சு, முடிஞ்சுது."

"இவ வேற," என்றார் மாமி. "ஏழு வயசு. போன்னு நெனச்சுக்குவா. ஒரு கேள்வி கேட்டுட்டுக் கம்முனு உக்காந்துருப்பா. ஏண்டி நிறுத்திட்டே, டேப்பு ஓடுது பேசுன்னுவேன். 'இரும்மா, அத்தா பதில் சொல்றாங்க'ம்பா."

"நானும் சொல்லுவேன்ல," என்றார் மாமா. "ஆறு பேர் படுக்குற ரூமு. 'சாப்டேம்மா, தூங்குனேம்மா'ன்னு டேப்புகிட்ட பேசிட்டு இருப்பேன். பக்கத்துக் கட்டில் மலையாளி, வஹீதுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுன்னு சிரிப்பான்."

பையின் அடியிலிருந்து ஒரே ஒரு கேசட்டைத் தனியாக எடுத்தார். நீலத்தாள் ஒட்டியது. கோணல் கோணலான பென்சில் எழுத்து: அத்தாவுக்கு.

"இது ஒண்ணுதான் அவ. முழுக்க அவ மட்டும் பேசுனது. அந்த நேரத்துல போன் சல்லிசாயிருச்சு. இதுக்குப் பதில் போடாம விட்டுட்டேன். அதான் தப்பிச்சுது." சிரிக்கப் பார்த்தார். "வருசக்கணக்கா கேப்பா. 'என் கேசட்டுக்குப் பதில் எங்கத்தா?' நிக்காஹ் அன்னிக்குக்கூட காதுல வந்து கேட்டா, களவாணி."

மாமாவின் பழைய ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டன. டெக் தனியாகப் பாடாது. என் வீட்டில் ஹோம் தியேட்டர் இருக்கிறது. அதனால் டெக்கும் கேசட்டும் என் வீட்டுக்கு வருவது என்று முடிவாயிற்று.

"துரைராஜ் நாளைக்கு வருவான்," என்றார் மாமா. "பழைய சாமானெல்லாம் அவன் கைக்குத்தான் கேக்கும். அவன் மாட்டித் தரட்டும். நாங்களும் வந்துர்றோம். ஒண்ணா ஒக்காந்து கேப்போம். அதுவரைக்கும் தொடாதீங்க, என்ன?"

"சரி மாமா."

தட்டில் கை வைத்ததோடு சரி. மாமி சோற்றையும் மீனையும் டப்பாவில் போட்டு, பையில் முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். ஆட்டோவில் ஏறும்போதே எனக்குத் தெரியும், நான் நாளைவரை காத்திருக்கப்போவதில்லை.

ஐந்து மணிக்கு வேலையை ஆரம்பித்தேன்.

எங்கள் ஹோம் தியேட்டர் ரிசீவர் கல்யாணத்துக்கு முன் வாங்கியது. டிவிக்கு இரண்டு பக்கமும் ஸ்பீக்கர், நடுவில் ஒன்று, சோபாவுக்குப் பின்னால் சுவரில் இரண்டு. ரிசீவரின் பின்பக்கம் பெரும்பாலும் எச்டிஎம்ஐ துளைகள். ஓரத்தில் மட்டும், பழைய சாமான்களுக்காக, சிவப்பும் வெள்ளையுமாகச் சில ஜோடிகள். டிவிடி பிளேயரின் சிவப்பு-வெள்ளை ஒயரைக் கழற்றினேன். சத்தம் வெளியே வரவேண்டும். ஆகவே ரிசீவரில் 'அவுட்' என்று எழுதியிருந்த ஜோடியில் ஒரு முனையைச் சொருகினேன். டெக்கின் பின்னாலும் இரண்டு ஜோடி இருந்தன. எழுத்துகள் தேய்ந்துபோயிருந்தன. மேல் ஜோடியில் மறு முனையைச் சொருகினேன். எனக்கு அது சரியாகத்தான் பட்டது.

கேசட்டைப் போட்டேன். பிளே கட்டையை அமுக்கினேன். நிற்கவில்லை. டக்கென்று எழும்பியது. மூன்று தடவை பார்த்தேன். பக்கத்துக் கட்டையையும் சேர்த்து இரண்டு விரலால் அமுக்கினேன். இரண்டும் இறங்கி நின்றன. நான் சிடி காலத்துப் பையன். கேசட் எங்கள் வீட்டில் இருந்ததே இல்லை.

போனில் பதிவு செய்யலாமா என்று ஒரு கணம் தோன்றியது. முதலில் ஒரு தடவை சும்மா கேட்போம், பிறகு செய்யலாம் என்று நினைத்தேன்.

மணி 5:41. ஒரு பக்கம் முப்பது நிமிடம். 6:11 வரை அவள் இருப்பாள். கடிகாரத்தைப் பார்க்கிற மாதிரி தரையில் உட்கார்ந்தேன்.

ஸ்பீக்கரில் ஸ்ஸ்ஸ்... என்று இரைச்சல். ஒரு நிமிடம் அது மட்டும்தான். பிறகு யாரோ மூச்சை இழுக்கும் சத்தம்.

"அத்தா... அஸ்ஸலாமு அலைக்கும். நான் சிம்ரா பேசுறேன்."

ஏழு வயதுக் குரல். சளி பிடித்த மாதிரி. 'பேசுறேன்' என்பதில் 'றே'யை இழுத்தாள். பெரியவளான பிறகும் அப்படித்தான் இழுப்பாள். அதை நான் மறந்திருந்தேன் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"சாப்டீங்களா?"

ஸ்ஸ்ஸ்...

மாமி சொன்ன அதே இடைவெளி. பதிலுக்காகக் காத்திருக்கிறாள்.

"சரி. நாங்களும் சாப்டோம். அம்மா பட்டினப்பாக்கத்துல மீன் வாங்குனாங்க. முள்ளு எடுத்துக் குடுத்தாங்க. அத்தா, எனக்கு முன்பல்லு விழுந்துருச்சு. கூரை மேல போட்டேன். காக்கா தூக்கிட்டுப் போயிருச்சு. அத்தா, காக்காவுக்குப் பல்லு இருக்கா?"

ஸ்ஸ்ஸ்...

"இல்ல," என்றேன். சத்தமாகவே. சிரித்தேன் என்று நினைக்கிறேன். ஏழு மாதத்தில் முதல் தடவை.

"ம்... அதான் நானும் நெனச்சேன்," என்றாள்.

குழந்தை தன் போக்கில் பேசுகிறது. என் பதில் பொருந்திவிட்டது. அவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடம், டீச்சர், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி என்று போய்க்கொண்டிருந்தது. 5:52.

"சாப்டீங்களா?"

மறுபடியும் அதே கேள்வி. பிள்ளைகள் அப்படித்தான்.

"சாப்டேன்," என்றேன்.

ஸ்ஸ்ஸ்...

"பொய்."

சிரிப்பு பாதியில் நின்றது.

"டப்பாவத் தொறக்கவே இல்ல. முடிச்சுகூட அவுக்கல."

திரும்பிப் பார்த்தேன். சாப்பாட்டு மேசையில் மாமி கொடுத்த பை. முடிச்சு அப்படியே இருந்தது.

எல்லா வீட்டிலும் டப்பா உண்டு. எல்லாப் பையிலும் முடிச்சு உண்டு. குவைத்தில் இருக்கும் அத்தாவிடம் ஒரு குழந்தை இப்படியும் பேசும்... பேசாதா? எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

5:58. குரல் இடம் மாறியது.

அதுவரை டிவி பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. இப்போது எனக்குப் பின்னாலிருந்து வந்தது. சோபாவின் வலது மூலைக்கு மேலே, சுவரில் இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து.

ரிசீவரின் முகப்பைப் பார்த்தேன். 'ஸ்டீரியோ' என்று காட்டியது. முன்னால் இருக்கும் இரண்டு மட்டும்தான் பேசவேண்டும். பின்னால் இருப்பவை அணைந்திருக்கவேண்டும்.

வலது மூலை அவள் உட்காரும் இடம். காலை மடக்கி உட்கார்ந்திருப்பாள்.

"மச்சான்."

குழந்தைக் குரல்தான். அதே சளி. அதே ஏழு வயது.

எங்கள் பக்கம் மனைவி புருஷனை அப்படித்தான் கூப்பிடுவாள். அத்தாவை எந்தப் பிள்ளையும் அப்படிக் கூப்பிடாது.

"மச்சான், திரும்பாதீங்க."

திரும்பவில்லை.

6:01. குரல் வளர்ந்திருந்தது. எந்த வார்த்தையில் வளர்ந்தது என்று சொல்ல முடியவில்லை. பத்து வயது... பதினைந்து... பிறகு அவள். முழுக்க அவள்.

ஒரு இருமல். ஆஸ்பத்திரியில் இருமிய இருமல்.

"என் குரல் மறந்துட்டீங்கதான?"

ஸ்ஸ்ஸ்...

"இல்ல," என்றேன்.

"பொய்."

கோபம் இல்லை. அழுகை இல்லை. கணக்குப் பாடத்தில் தப்பைத் திருத்துகிற மாதிரி சொன்னாள்.

கீழே யாரோ பையன் 'அவுட்' என்று கத்தினான். உலகம் பாட்டுக்கு இருந்தது.

6:07.

"இங்க நான் பேசிக்கிட்டே இருக்கேன் மச்சான். கேட்டுட்டு... நிறுத்திட்டு... காத்துக்கிட்டு இருக்கேன். ஒருத்தரும் பதில் சொல்ல மாட்டேங்குறாங்க."

ஸ்ஸ்ஸ்...

"இருக்கேன்."

ஸ்ஸ்ஸ்...

"இருக்கேன்."

"சிம்ரா," என்றேன். அதற்குமேல் வரவில்லை. அவள் குரலுக்காக எதையும் கொடுத்திருப்பேன். அது வந்தபோது எனக்குப் பயமாக இருந்தது. அவளிடம் பயப்படுவேன் என்று நான் நினைத்ததில்லை. பயந்தேன்.

6:10. தவழ்ந்து போய் டெக்கின் பிளக்கைப் பிடுங்கினேன்.

டெக்கின் விளக்கு அணைந்தது.

ரீல் நின்றது.

ஸ்ஸ்ஸ்...

இரைச்சல் நிற்கவில்லை.

"எப்ப வருவீங்க?"

பின்னாலிருந்து. மிகக் கிட்டத்தில்.

வாயைக் கையால் பொத்திக்கொண்டேன்.

ஸ்ஸ்ஸ்... ஸ்ஸ்ஸ்...

அவள் காத்திருந்தாள்.

6:13. மசூதியில் அந்தித் தொழுகைக்கான மஃரிபு பாங்கு. ஜன்னல் வழியாகக் கேட்டது. ஸ்பீக்கரிலும் கேட்டது, அரை விநாடி தள்ளி. எங்கள் கூடத்துக்குள் உட்கார்ந்து கேட்டால் எப்படிக் கேட்குமோ அப்படி. பாங்குக்கு நடுவே ஒரு மூச்சுச் சத்தம். விரல்களுக்குள் அடைபட்ட மூச்சு.

என் மூச்சு.

ரிசீவரின் சுவிட்சைச் சுவரில் அணைத்தேன்.

நின்றது.

ஒன்பது மணிவரை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். பிறகு உள்ளே போய், கூடத்தைத் தாண்டாமல், வாசல் ஓரமாகப் படுத்தேன். எதையும் கழற்றவில்லை. எதையும் தொடவில்லை.

மறுநாள் திங்கள், இரவு ஏழு மணிக்கு மாமா, மாமி, துரைராஜ் மூவரும் வந்தார்கள். துரைராஜுக்கு அறுபது வயதிருக்கும். மயிலாப்பூரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். நான் எதையும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு ரிசீவருக்குப் பின்னால் தலையை விட்டார். தலையை வெளியே எடுக்காமலே சிரித்தார்.

"இன்னா நைனா இது, யாரு மாட்னது?"

"நான்தான்."

"இன்னா படிச்சிகீற?"

"இன்ஜினியரிங்."

"அதான பாத்தேன்." டார்ச்சைக் கையில் எடுத்தார். "பாய், உங்க மருமவன் டெக்லேர்ந்து சவுண்டு வர்றதுக்கு மாட்டல. டெக்குக்கு சவுண்டு போறதுக்கு மாட்டிகீறாரு. டெக்கோட அவுட்ல ஒயரே இல்ல. தோ பாரு, உள்ள தூசி அப்படியே கீது. ஒரு குண்டூசிகூட இதுல பூந்ததில்ல."

"அப்ப நேத்து..." என்றேன்.

மாமா என்னைப் பார்த்தார். "நேத்து போட்டீங்களா மாப்ள?"

தலையாட்டினேன். மாமியின் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. ஒன்றாகக் கேட்பதற்காகப் புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"போட்டிருப்பாரு, ஒண்ணியும் கேட்டுருக்காது," என்றார் துரைராஜ். "எந்தக் கட்டையத் தம்பி அமுக்குன?"

காட்டினேன்.

"ரெண்டையுமா?"

"தனியா நிக்கல."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். கேசட்டை வெளியே எடுத்து, முதுகுப்பக்கம் விரலால் தடவினார்.

"பாய்... இங்க ஒரு சின்ன பிளாஸ்டிக் கீது பாருங்க. இத ஒட்ச்சுட்டா கேசட்டு மேல எதுவும் ஏறாது. ஒடைக்காமவே வெச்சிருந்தீங்களா?"

"நாங்க எதையும் ஒடைக்கறதில்ல துரைராஜ்," என்றார் மாமா. "பதில் வரணும்ல."

"அந்த ரெண்டு கட்டையும் சேந்து அமுக்குனா ரெக்கார்டு," என்றார் துரைராஜ். என்னைப் பார்க்காமல் சொன்னார். "அமுக்குன நிமிசத்துலேர்ந்து அழிஞ்சுக்கினே வரும்."

"என்ன சொல்றாரு அவரு?" என்று மாமி கேட்டார். "புள்ள கொரலு இருக்கா இல்லையா?"

துரைராஜ் டார்ச்சை அணைத்தார்.

மாமா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முழங்காலில் கையை வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"நான் நாப்பது அழிச்சேன் மாப்ள," என்றார். "நீங்க ஒண்ணு."

அப்போது எல்லாவற்றையும் சொன்னேன். பட்டினப்பாக்கத்து மீன், முன்பல், காக்கா. மாமி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். "ஆமா. காக்காவுக்குப் பல்லு இருக்கான்னு கேட்டா. அதுலதான் கேட்டா. இவரு ஊருக்கு வந்தப்பக்கூடப் போட்டுக் கேட்டுச் சிரிச்சோம்." மச்சான் என்று கூப்பிட்டதை நான் சொல்லவில்லை.

"கடைசில ஏதாச்சும் மிச்சம் மீதி இருக்குதான்னு பாப்போம்," என்றார் துரைராஜ். ஒயரைச் சரியாக மாற்றினார். எதையோ நெம்பி, பிளே கட்டை தனியாக நிற்கும்படி செய்தார். கேசட்டை முதலுக்குச் சுற்றிவிட்டுப் போட்டார்.

ஸ்ஸ்ஸ்...

இரைச்சல். இரைச்சல் மட்டும். இரண்டு நிமிடம் போல ஓடியது. துரைராஜ் கையை நிறுத்தும் கட்டைக்குக் கொண்டுபோனார்.

"இல்ல."

ஒரு ஆண் குரல். லேசான சிரிப்போடு.

"மாப்ள," என்றார் மாமா. "இது உங்க கொரலு."

நீண்ட இரைச்சல். பிறகு, "சாப்டேன்."

மறுபடி இரைச்சல். "இல்ல."

அவள் பேசிய இடமெல்லாம் காலி. நான் பதில் சொன்ன இடம் மட்டும் பதிவாகியிருந்தது.

துரைராஜ் எழுந்தார். கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். டிவிக்கு மேலே, சோபாவுக்கு அடியில். "மைக் எங்க?" என்றார். "இந்த டெக்குல மைக்கே கிடையாது. ஒயருல மைக்கு மாட்டுனாத்தான். மைக் எங்க தம்பி?"

"இல்ல."

"அப்ப இது எப்படி...?"

"சிம்ரா," என்றது ஸ்பீக்கர், என் குரலில்.

அவர் அதற்குமேல் இருக்கவில்லை. வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் இறங்கிப் போனார். டெஸ்டரை மேசையில் விட்டுவிட்டார். மாமா போன் செய்தபோது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் பாய் என்றாராம்.

நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். நான் பிளக்கைப் பிடுங்கிய சத்தம், தரையில் தவழ்ந்த சத்தம் எதுவும் அதில் இல்லை. 'சிம்ரா'வோடு முடிந்திருக்கவேண்டும். ரீல் அங்கேயே நின்றுவிட்டதை என் கண்ணால் பார்த்தவன் நான். அதற்குப் பிறகு டெக்குக்குக் கரண்டே இல்லை.

ஸ்ஸ்ஸ்... 

ரீல் சுற்றிக்கொண்டிருந்தது. மாமா நிறுத்தவில்லை. மகளின் மூச்சாவது மிச்சமிருக்காதா என்று காதை ஸ்பீக்கரிடம் வைத்திருந்தார். அதனால் அவர்தான் முதலில் கேட்டார். சட்டென்று நிமிர்ந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

என் குரல். நிதானமாக. ஒரு குழந்தைக்குச் சொல்கிற மாதிரி.

"நோன்பு முடிஞ்சதும் வரேன்."

கேசட் முடிந்து கட்டை டக்கென்று எழும்பியது.

நான் அதைச் சொல்லவில்லை. வாயைப் பொத்தியிருந்தேன். 'எப்ப வருவீங்க?' என்ற அந்தக் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்லவே இல்லை.

அன்றிரவே என்னை மயிலாப்பூருக்கு அழைத்து வந்துவிட்டார்கள். மாமா வாசல் கதவை ஒட்டிப் பாய் போட்டுப் படுக்கிறார். மொட்டை மாடிச் சாவி மாமியின் இடுப்பில் இருக்கிறது. நோன்பு தொடங்கியதிலிருந்து, விடியுமுன் சாப்பிட எழும் ஸஹர் நேரத்தில் இரண்டு பேரும் மாறி மாறி வந்து என் மூக்கருகே கையை வைத்துப் பார்க்கிறார்கள். தூங்குகிற மாதிரி கிடக்கிறேன்.

பயமா இருக்கா தம்பி என்று நேற்று மாமி கேட்டார். இல்லை என்றேன். 'பொய்' என்று யாரும் சொல்லவில்லை.

முப்பது நோன்பில் இன்று இருபத்தாறாவது.